சாதகம் எழுதும் யந்திரம்

சென்ற ஆண்டுத் தேர்வுக்குச் சில நாட்கள் முன்னர், மாணவர் விடுதியிலுள்ள நண்பர் ஒருவர் எம்மிடம் வந்து, பௌதிகத் தாள் ஒன்றை இம்முறை எழுதாது விடப்போவதாகத் தெரிவித்தார். காரணம் வினவினோம். தம் கைப்பேசியை நீட்டினார். அதிலிருந்த சோதிடச் செயலி ஒன்று, சனியின் நிலை அவருக்கு இப்பருவத்தில் அனுகூலமாயில்லை என்றும், பொறுத்திருந்து அடுத்த பருவத்தில் முயலுதலே நலம் என்றும், மிக்க பரிவோடும் பிழையற்ற தமிழிலும் எழுதியிருந்தது. "நாசாவின் கணக்கைக் கொண்டு செயற்கை நுண்ணறிவு கூறுகின்றது, அது தவறுமோ?" என்றார் நண்பர். அவ்வினாவிற்கு விடை தேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

சாதகத்தில் இரு வேலைகள் உள. இன்ன நேரத்தில் இன்ன கோள் வானில் எவ்விடத்து நின்றது என்று கணித்தல் ஒன்று. அந்நிலையால் இன்னார்க்கு இன்னது விளையும் என்று உரைத்தல் மற்றொன்று. இரண்டும் ஒரே திரையில் அடுத்தடுத்துத் தோன்றுதலின் ஒன்றெனவே கொள்ளப்படுகின்றன.

முதல் வேலைக்கு நம் நாட்டிலேயே வியத்தகு சான்று ஒன்றுண்டு. சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் முன்னர்ப் பொறுப்பு வகித்த ஜான் வாரன் என்னும் படை அதிகாரி, புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைக் கண்டார். அவர் 1825-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் நேர்ந்த சந்திர கிரகணத்தைத் தரையிற் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாயிருந்த வாக்கியங்களைக் கொண்டே கணித்துக் காட்டினார். எழுதுகோல் இல்லை, ஏடும் இல்லை. கிரகணத்தின் தொடக்கத்திற்கு அவர் கூறிய நேரம் ஏறக்குறைய 4 நிமிஷமே பிழைபட்டது. நடுவிற்கு 23 நிமிஷமும் முடிவிற்கு 52 நிமிஷமும் பிழைபட்டன. இதைவிட எமக்கு வியப்பளிப்பது வாரன் எழுதிவைத்த மற்றொரு செய்தி: அக்கணிதர் வானநூலின் தத்துவம் எதனையும் அறிந்தவரல்லர். பொருளறியாமலே கணக்கை நடத்தினார், கணக்கும் நடந்தது. பிழையுண்டாயின் எத்தனை நிமிஷம் என்று சொல்ல வானத்துச் சந்திரனே சாட்சியாக நின்றது.

இன்று அவ்வேலையைச் செய்வன அமெரிக்காவில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடத்தார் தொகுத்த கோள்நிலை அட்டவணைகள். விண்கலங்களை வழிநடத்துதற்கென்று தொகுக்கப்பெற்றவை அவை. அவற்றை அடிப்படையாகக் கொண்டு சூரிச் நகரத்து ஆஸ்ட்ரோடீன்ஸ்ட் நிறுவனத்தார் 1997-இல் வெளியிட்ட 'சுவிஸ் எபிமெரிஸ்' என்னும் கணிதத் தொகுதியே சோதிட மென்பொருள்கள் பலவற்றிற்கு ஆதாரம். ஒரு பாகையை 3,600 கூறாக்கினால், அவற்றுள் ஒரு கூறளவும் கோள்நிலை பிசகாது. ஆயினும் இது வெறுங் கணக்கே. செயற்கை நுண்ணறிவுக்கு இங்கு வேலையே இல்லை.

அதற்கு வேலை தொடங்குவது உரைக்குமிடத்தில். லண்டன் 'சண்டே எக்ஸ்பிரஸ்' பத்திரிகையில் 1930-இல் ஆர். எச். நெய்லர் என்பார், அவ்வாண்டிற் பிறந்த இளவரசி மார்கரெட்டின் சாதகத்தை எழுதியது முதற்கொண்டு, பத்திரிகைச் சோதிடம் ஒரு வியாபாரமாகப் பெருகிற்று. பின்னர்க் கணினி வந்தபோது, முன்னரே எழுதிவைத்த பத்திகளுள் கோள்நிலைக்கு ஏற்றவற்றைப் பொறுக்கி அது கோத்துத் தந்தது. இப்போதுள்ள மொழி யந்திரமோ பத்திகளைப் பொறுக்குவதில்லை. எண்ணிறந்த நூல்களிலும் இணையப் பக்கங்களிலும் எச்சொல்லின் பின் எச்சொல் வருதல் இயல்பு என்பதனைப் பயின்று, ஒவ்வொரு சொல்லாகத் தானே அடுக்குகின்றது. சனி என்னும் சொல்லின் அயலில் தாமதம், தடை, பொறுமை என்னும் சொற்கள் நெடுங்காலமாக நின்றுவருகின்றன. யந்திரமும் அவற்றையே எடுத்து வைக்கின்றது. வானத்துச் சனியோடு அதற்குத் தொடர்பில்லை. கணித அட்டவணையை அதன் கையிற் கொடாது கோள்நிலையை அதனிடமே வினவினால், சிலபோது இராசியையே மாற்றிச் சொல்லிவிடும்! புதுச்சேரிக் கணிதர்க்குத் தத்துவம் தெரியாது, கணக்குத் தெரியும். இதற்கோ பேச்சு மட்டுமே தெரியும்.

அங்ஙனமாயின் அப்பேச்சு பலர்க்கும் பொருந்துவது எவ்வாறு? அமெரிக்க உளநூலாசிரியர் பெர்ட்ராம் ஃபோரர் 1948-இல் தம் மாணவர் 39 பேருக்கும், அவரவர் குணத்தை ஆராய்ந்து எழுதியதாகக் கூறி, ஒரே குறிப்பைத் தந்தார். கடையில் விற்ற சோதிடப் புத்தகத்திலிருந்து திரட்டியது அது. பொருத்தத்திற்கு 5-க்கு எத்தனை என்று வினவியபோது மாணவர் அளித்த சராசரி 4.26. பிரெஞ்சு நாட்டு மிஷேல் கோக்லேன் செய்தது இன்னுங் கொடிது. அவர் இலவசச் சாதகம் தருவதாக விளம்பரஞ் செய்து, விழைந்தோர்க்கெல்லாம் கணினி எழுதிய ஒரே சாதகத்தை அனுப்பினார். மறுமொழி விடுத்தோருள் நூற்றுக்கு 94 பேர் தம்மைக் கண்ணாடியிற் கண்டதாக ஒப்பினர். அச்சாதகத்துக்கு உரியவன் இருபதுக்கு மேற்பட்டோரைக் கொன்று 1946-இல் தலை வெட்டுண்ட மார்செல் பெட்டியோ என்னும் வைத்தியன்!

ஃபோரரின் தாள் பேசாது கிடந்தது. இக்காலத்து யந்திரமோ நம்மோடு உரையாடுகின்றது. நாம் அச்சத்தோடு வினவினால் அச்சத்திற்கேற்பவும், ஆவலோடு வினவினால் ஆவலுக்கேற்பவும் இசைந்து பேசும் இயல்பினது. இதனை நண்பர் முன்னிலையிலேயே சோதித்தோம். "தேர்வு எழுத அஞ்சுகின்றேன், விட்டுவிடலாமா?" என்றதற்கு முன்போலவே பொறுத்திரு என்றது. அதே பிறந்த நாளும் நேரமும் கொடுத்து, "நன்றாகப் படித்திருக்கின்றேன், எழுதலாமன்றோ?" என்றோம். அதே சனி உழைப்பிற்குப் பரிசளிக்கும் கோளாகிவிட்டது. தயங்காது செல்க என்று வாழ்த்தும் கிடைத்தது. நண்பர் சிரிக்கவில்லை. சற்று நேரம் பேசாதிருந்தார்.

வியாபாரத்தைப் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். நியூயார்க்கில் 2017-இல் வெளிவந்த 'கோ-ஸ்டார்' செயலி, நாசாவின் தரவையும் செயற்கை நுண்ணறிவையும் ஒருங்கே சொல்லிப் புகழ் பெற்றது. 2019-இல் 50 இலட்சம் டாலருக்கு மேல் முதலீடும் பெற்றது. அக்காலத்தில் மனிதர் எழுதிய சிறு சிறு தொடர்களையே அதன் கணினி இணைத்துத் தந்தது என்பது வேறு செய்தி. நம் நாட்டில் 2017-இல் நொய்டாவில் தொடங்கிய 'ஆஸ்ட்ரோடாக்', சோதிடரோடு பேசும் நிமிஷத்திற்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் முறையை நாடெங்கும் பரப்பிற்று. நிமிஷத்திற்குக் கூலி என்னும் ஏற்பாட்டில் ஐயம் விரைவில் தீர்தல் எவர்க்கு ஆதாயம்? மனிதச் சோதிடராவது களைப்புற்று உறங்கச் செல்வர். யந்திரம் நள்ளிரவு 2 மணிக்கும் விழித்திருக்கும். அன்றியும், பிறந்த நாள், நேரம், ஊர் ஆகியவற்றோடு காதல், கடன், நோய், தேர்வு ஆகிய எல்லாவற்றையும் நாமே அதனிடம் தட்டச்சு செய்து கொடுக்கின்றோம். வங்கி நம்மை இன்னாரென்று அறியக் கேட்பவற்றுள்ளும் பிறந்த நாள் ஒன்று. ஊர்ச் சோதிடரிடம் கூறியது அவரோடு நின்றது என்று யாம் சொல்லவில்லை. ஆயினும் அவர் அதனை அட்டவணைப்படுத்தி வைத்தாரல்லர்.

நண்பர் அத்தாளை எழுதினார். முடிவு வெளிவரவில்லை. கைப்பேசியிலிருந்து செயலியை நீக்கியபின்னும் தம் கணக்கு அந்நிறுவனத்தாரிடம் இருப்பதனை யாம் எடுத்துக் கூற, அதனையும் அழிக்குமாறு அவர்க்கு எழுதினார். இரண்டு கிழமை கடந்தும் விடை வந்திலது. புதன் பெயர்ச்சிப் பலனுக்குச் சலுகை விலை என்று மட்டும் ஓர் அஞ்சல் வந்தது.