உறக்கத்தில் மூச்சுத்தடையும் இருதய நலமும்

உரத்த குறட்டையை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளமாகக் கருதுவோர் பலர். குறட்டை விடுவோர் அனைவரும் நோயாளிகள் அல்லர். எனினும், குறட்டை திடீரென நின்று, சிறிது நேரத்திற்குப் பின் திணறலுடன் மீண்டும் தொடங்குமாயின், அது உறக்க மூச்சுத்தடை என்னும் நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

நோயின் இயல்பு

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு நாக்கின் அடிப்பகுதியும் அண்ணத்தின் மென்மையான பின்பகுதியும் சரிந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடுகின்றன. மார்பு எவ்வளவு முயன்றும் காற்று உட்செல்வதில்லை. 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு இவ்வாறு நின்றால் அது ஒரு தடையாகக் கணக்கிடப்படுகிறது. இரத்தத்தில் பிராணவாயு குறையவே, மூளை கணநேரம் விழிப்புற்றுப் பாதையைத் திறக்கிறது. நோயாளி பெரும்பாலும் இதனை அறிவதில்லை. முதிர்ந்தோரிடம் மூச்சு நிற்பதும் வெகுவாகக் குறைவதும் மணிக்கு 5 முதல் 15 முறைக்குள் நிகழ்ந்தால் நோய் இலேசானது; 15 முதல் 30 வரை நடுத்தரமானது; 30-க்கு மேற்பட்டால் கடுமையானது.

இருதயத்திற்கு நேரும் தீங்கு

இயல்பான உறக்கத்தில் இரத்த அழுத்தம் தாழ்ந்து இருதயம் ஓய்வு பெறுகிறது. இந்நோயாளிகளுக்கோ ஒவ்வொரு தடையின் முடிவிலும் நரம்புகள் தூண்டப்பட்டு அழுத்தம் உயர்கிறது. நாளடைவில் பகலிலும் அது உயர்ந்தே நிற்கலாம். பல மருந்துகளுக்கும் கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்களிடம் இந்நோய் மிகுதியாகக் காணப்படுகிறது. உடலில் அழற்சியைக் காட்டும் 'சி-ரியாக்டிவ்' புரதமும் இவர்களது இரத்தத்தில் மிகுந்திருப்பதுண்டு. ஆனால் உடற்பருமனும் இப்புரதத்தை உயர்த்தும் இயல்புடையது. எனவே காரணம் மூச்சுத்தடையா, பருமனா என்ற வினா எழுந்தது.

சிகிச்சையும் அதன் பயனும்

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 1981-ஆம் ஆண்டில் ஒரு முறையை வெளியிட்டனர். மூக்கின்மேல் பொருத்திய முகமூடி வழியாகக் காற்று சீரான அழுத்தத்துடன் செலுத்தப்படுகிறது. அக்காற்றே மூச்சுப் பாதை மூடாதபடி தாங்கி நிற்கிறது. இம்முறையால் பகல் தூக்கம் குறைகிறது. இரத்த அழுத்தமும் ஓரளவு தணிகிறது.

2014-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், பருமனுடைய நோயாளிகள் 24 வாரம் கவனிக்கப்பட்டனர். காற்றழுத்தச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களிடம் மேற்கூறிய புரதம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. எடையைக் குறைத்தவர்களிடம் குறைந்தது. ஆகவே அதன் உயர்வில் பருமனுக்கே பெரும்பங்கு உண்டு எனக் கொள்ளலாம். இந்தியா உள்ளிட்ட 7 நாடுகளில் 2,717 பேரைக் கொண்டு நடந்து 2016-இல் வெளியான மற்றோர் ஆய்வில், முன்பே இருதய நோயோ மூளை இரத்தக்குழாய் நோயோ உற்றவர்களுக்கு இக்கருவி மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைத்ததாகத் தெரியவில்லை. அவர்கள் இரவில் சராசரியாக 3.3 மணி நேரமே அதனை அணிந்தனர் என்பதும் கருதத்தக்கது. ஆதலின் கருவியை ஒழுங்காக அணிவதுடன் எடைக் குறைப்பு, இரத்த அழுத்த மருந்து, புகையிலை விலக்கு ஆகியவற்றையும் கைவிடலாகாது. இரவில் மது அருந்துவது தடைகளை மிகுவிக்கும். சிலருக்கு ஒருக்களித்துப் படுப்பதும் நன்மை தரும்.

ஊழியரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

இரத்த அழுத்தம் உள்ளவர்களைக் காணச் செல்லும் ஊழியர், உடன் உறங்கும் குடும்பத்தாரிடம் நோயாளியின் குறட்டையைப் பற்றியும் மூச்சு நிற்பதைப் பற்றியும் விசாரித்தல் வேண்டும். பகலில் அடக்கவியலாத தூக்கம் உள்ளவர், சிகிச்சை பெறும்வரை வண்டி ஓட்டுதல் அபாயகரமானது. சிறுவர்களுக்கு டான்சில் வீக்கத்தாலும் மூக்கின் பின்புறத் தசை வளர்ச்சியாலும் இந்நோய் வருவதுண்டு. வாயால் மூச்சுவிட்டு, அமைதியின்றியோ கவனமின்றியோ இருக்கும் மாணவனைச் சோம்பேறி என்று கடிந்துகொள்ளுமுன், அவன் இரவில் எவ்வாறு உறங்குகிறான் என்று பெற்றோரை வினவி, மருத்துவரிடம் அனுப்புதல் ஆசிரியர் கடமையாகும்.