ஸ்டீயரிங் இல்லாத கார் ரேஸ்! பொம்மை மோட்டாருக்கும் காயில் கட்டுகிறார்கள்

மன்னார்குடியில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவரிடம், கட்டை விரல் பருமனில் ஒரு மோட்டாரைக் கொடுத்தால் என்ன சொல்வார்?

"என்னங்க இது, சுண்டைக்காயாட்டம் இருக்கு! இதுக்கெல்லாமா காயில் கட்டுவாங்க?" என்பார்.

கட்டுகிறார்கள்! இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தலை நரைத்த பெரியவர்கள், பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இதே வேலையாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

எல்லாம் ஒரு பொம்மைக் கார் படுத்தும் பாடு. பெயர் 'ஸ்லாட் கார்'.

பிரெட் பிரான்சிஸ் என்ற ஆங்கிலேயர் முதலில் ஸ்பிரிங் விசையில் ஓடும் தகரக் கார்களைச் செய்து விற்றார். பிறகு அதில் மின்சார மோட்டாரை வைத்தார். 1957-ல் 'ஸ்கேலெக்ஸ்ட்ரிக்' பிறந்தது. அமெரிக்காவில் 1960-களில் இதற்கென்றே ஊருக்கு ஊர் ஹால்கள் முளைத்தன. பத்தாண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை மூடப்பட்டன.

கட்டை விரல்தான் டிரைவர்

பாதையில் நீளமாக ஒரு பள்ளம். அதன் இருபுறமும் உலோகப் பட்டை. அதில் 12 வோல்ட் மின்சாரம். காரின் மூக்குக்கு அடியில் உள்ள முளை பள்ளத்தில் இறங்கிவிட்டால், கார் போக வேண்டிய வழியைப் பள்ளமே பார்த்துக்கொள்ளும்.

ஓட்டுகிறவர் கையில் இருப்பது வேகம் மட்டுமே. ராஜகோபாலசுவாமி தேர் முக்குத் திரும்பும்போது முட்டுக்கட்டை போடுகிறவருக்கு உள்ள அதே கவலைதான் இவருக்கும். வளைவில் கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் கார் பறந்து போய்த் தரையில் விழும். பின்னாளில் வந்த கார்களின் அடியில் காந்தம் வைத்துவிட்டார்கள். பாதையோடு ஒட்டிக்கொண்டு ஓடும். பழைய கார் அப்படியல்ல, வாலை ஆட்டிக்கொண்டுதான் திரும்பும். ரசிகர்களுக்கு அதுதான் பிடிக்கிறது.

பெட்டியிலா? பாதையிலா?

அறுபது வருஷம் பரணில் கிடந்த கார் லேசில் ஓடாது. டயர் கல்லாக இறுகி வெடித்திருக்கும். கிரீஸ் பிசினாகியிருக்கும். மின்சாரத்தை இழுக்கும் செம்புப் பின்னல் பாசி பிடித்திருக்கும். இவற்றை மாற்றிவிடலாம். மோட்டாருக்குள் இருக்கும் காந்தம் சக்தி இழந்திருந்தால்தான் வம்பு. கார் வேகம் எடுக்காது, மோட்டார் மட்டும் கொதிக்கும். காந்தத்துக்கு மறுபடி சக்தி ஏற்ற வேண்டும். காயில் எரிந்திருந்தால் தலைமுடி போன்ற கம்பியைச் சுற்றிச் சுற்றிக் கட்ட வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு ஓட வைத்த பிறகுதான் பெரிய தலைவலி. ஓட்டினால் நசுங்கும், பெயிண்ட் உதிரும். புதுப் பெயிண்ட் அடித்தாலோ விலை போச்சு! அட்டைப் பெட்டியோடு பொத்தி வைத்த காருக்குத்தான் நல்ல விலை. அதனால் வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி. "ஓட்டத்தானே செஞ்சாங்க?" என்கிறது ஒன்று. "ஒடஞ்சா இன்னொண்ணு கெடைக்குமா?" என்கிறது மற்றொன்று. இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

கிளப் ரேஸ்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு ரேஸ் ஓட்டியவர் அடுத்த ரேஸில் வளைவில் நின்று, கீழே விழும் கார்களைப் பொறுக்கிப் பாதையில் வைக்க வேண்டும். விழுந்தது பழைய தகரக் காராக இருந்தால் மட்டும், அவர் குனிவதற்கு முன்பே காருக்குச் சொந்தக்காரர் ஓடி வந்துவிடுவார்.