மேசைப்பந்து மேசை வாங்கப் போகிறீர்களா? முதலில் வீட்டை அளந்து பாருங்கள்

மேசைப்பந்துக்கு வயது வரம்பில்லை. ஒன்பது வயதுப் பேத்தியும் அறுபத்தைந்து வயதுத் தாத்தாவும் ஒரே மேசையின் இரு பக்கமும் நின்று ஆடலாம். மழை பெய்தாலும் ஆடலாம். வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் ஆடினாலே வியர்த்துவிடும். பிள்ளைகளின் கையிலிருந்து கைப்பேசியைக் கீழே வைக்கச் செய்யும் வழியாகவும் பல பெற்றோர் இதைப் பார்க்கிறார்கள்.

ஆனால், ஆசையோடு வாங்கிய மேசை சில மாதங்களில் துணி மடிக்கும் மேசையாக மாறிவிடும் வீடுகளும் உண்டு. மேசையில் குறை இருக்காது. அதைத் திறந்து, ஆடி, மீண்டும் மடித்து வைப்பது பெரும்பாடாக இருந்திருக்கும். எனவே கடைக்குச் செல்லும் முன் விலையை ஒப்பிடுவதைவிட வீட்டை அளப்பதே முக்கியம்.

மேசைக்கு ஒன்பது அடி, ஆட்டத்துக்குப் பத்தொன்பது அடி

முழு அளவு மேசையின் நீளம் 2.74 மீட்டர், அகலம் 1.525 மீட்டர், உயரம் 76 சென்டிமீட்டர். அடிக்கணக்கில் சொன்னால் ஒன்பதுக்கு ஐந்து. இந்த அளவை மட்டும் பார்த்து, 'வரவேற்பறையில் பிடித்துவிடும்' என்று முடிவு செய்வதுதான் பலர் சறுக்கும் இடம்.

பந்தை அடிக்க ஆள் நிற்க வேண்டும், கையை வீச வேண்டும், ஓர் அடி பின்வாங்க வேண்டும். வீட்டில் சாதாரணமாக ஆடுவதற்கே இரு முனைகளிலும் தலா ஒன்றரை மீட்டர், இரு பக்கங்களிலும் தலா ஒரு மீட்டர் இடம் விட்டால் நல்லது. அப்படியானால் தேவைப்படும் இடம் ஏறக்குறைய 5.7 மீட்டருக்கு 3.5 மீட்டர், அதாவது சுமார் 19 அடிக்கு 11.5 அடி. சோபாவும் தொலைக்காட்சி மேடையும் உள்ள வீவக வரவேற்பறைகள் பலவற்றில் இது கிடைப்பது கடினம்.

வீட்டில் ஒட்டுநாடா இருக்கும். மேசையின் அளவைத் தரையில் ஒட்டிப் பாருங்கள். பிறகு இருவர் இரு முனைகளிலும் நின்று வெறும் கையை வீசிப் பாருங்கள். கை சுவரிலோ சாமி மேடையிலோ இடித்தால் விடை தெரிந்துவிடும்.

மேலேயும் ஒரு பார்வை தேவை. பந்தின் எடை வெறும் 2.7 கிராம். கூரை விசிறி வேகமாகச் சுழன்றால் பந்து திசை மாறும். வெள்ளைச் சுவருக்கு எதிரே வெள்ளைப் பந்து கண்ணுக்குத் தெரியாது. அத்தகைய அறைக்கு ஆரஞ்சு நிறப் பந்து நல்லது.

மடித்தாலும் இடம் வேண்டும்

வீட்டுக்கான மேசைகள் பெரும்பாலும் இரண்டு பாதிகளாகவே இருக்கும். சிலவற்றில் இரு பாதிகளும் ஒரே சட்டத்தில் இணைந்திருக்கும். நடுவில் மடித்துச் சக்கரத்தில் தள்ளிச் செல்லலாம். ஒரு பாதியை மட்டும் நிமிர்த்தி நிறுத்தினால் அதன்மேல் பந்தை அடித்துத் தனியாகவும் பழகலாம். வேறு சிலவற்றில் இரு பாதிகளும் தனித்தனி. இவற்றைக் கையாள்வது எளிது. சதுரமான இரு மேசைகளாகவும் பயன்படும். வீடு மாறும்போதும் தொல்லை குறைவு.

முழு அளவு மேசையை மடித்து நிறுத்தினாலும் அது ஒன்றரை மீட்டருக்கு மேல் அகலமும் கிட்டத்தட்ட அதே உயரமும் இருக்கும். ஒரு சிறிய அலமாரியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதை வீட்டுக்கு வெளியே வைத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். தீப்பாதுகாப்பு விதிப்படி வீவக புளோக்கின் பொது நடைபாதையில் குறைந்தது 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி தடையின்றி இருக்க வேண்டும்.

பணம் கட்டும் முன் கடைக்காரரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பெட்டி உங்கள் மின்தூக்கியில் நுழையுமா? வீட்டுக்குள் கொண்டுவந்து பூட்டித் தருவார்களா? அதற்குத் தனிக் கட்டணம் உண்டா?

தடிமன் சொல்லும் கதை

விலை வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் மேற்பலகையின் தடிமன். உள்ளரங்க மேசைகள் 12 மில்லிமீட்டரிலிருந்து 25 மில்லிமீட்டர் வரை கிடைக்கின்றன. தடிமன் கூடக்கூடப் பந்து சீராக எழும்பும். பலகை வளைவதும் குறையும்.

கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பந்தைப் போட்டால் அது ஏறக்குறைய 23 சென்டிமீட்டர் எழும்ப வேண்டும் என்பது போட்டி மேசைக்கான விதி. நடுவில், ஓரத்தில், வலையருகே என்று பல இடங்களில் போட்டுப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழும்புவதுதான் முக்கியம்.

பொழுதுபோக்காக ஆடும் குடும்பத்துக்கு 16 முதல் 19 மில்லிமீட்டர் போதும். பிள்ளை பள்ளி அணியில் ஆடினால் 22 அல்லது 25 மில்லிமீட்டர் மேசையைப் பார்க்கலாம். ஆனால் 25 மில்லிமீட்டர் மேசையின் எடை 100 கிலோவைத் தாண்டக்கூடும். நகர்த்தப் பயந்து மடிக்காமலே விடப்படும் மேசையைவிட, தினமும் எளிதாகத் திறக்கக்கூடிய சற்று மெலிந்த மேசையே வீட்டுக்கு ஏற்றது.

நம் ஊர் ஈரக்காற்று

உள்ளரங்க மேசைகளின் பலகை பெரும்பாலும் மரத்துகளை அழுத்திச் செய்யப்படுவது. அதில் ஈரம் ஏறினால் ஓரங்கள் உப்பும், மேற்பரப்பு வளையும். கூட்டுரிமை வீட்டின் பால்கனியும் தரைவீட்டின் கார் நிறுத்துமிடமும் கூரைக்குக் கீழே இருந்தாலும் சாரலுக்குத் தப்பாது. அங்கெல்லாம் வெளிப்புற மேசைதான் சரி. அதன் பலகை நீர் புகாத பொருளால் ஆனது. சில மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும் என்பதால் அதை உள்ளரங்க மேசையின் தடிமனோடு ஒப்பிடக் கூடாது.

பிள்ளைகள் உள்ள வீட்டில்

மடித்து நிறுத்திய மேசை கனமானது. சிறுவர் ஏறித் தொங்கினால் சாயக்கூடும். பாதிகள் தாமாகத் திறந்துகொள்ளாதபடி பூட்டு இருக்கிறதா, அது மடித்த நிலையிலும் திறந்த நிலையிலும் தானாக விழுகிறதா, சக்கரங்களுக்குத் தடை உண்டா என்று பாருங்கள். மடிப்பதும் திறப்பதும் பெரியவர்களின் வேலையாக இருக்கட்டும். விரல் நசுங்கும் இடம் கீல்களுக்கு அருகேதான்.

வீட்டில் சக்கர நாற்காலியில் இருப்பவர் ஆட விரும்பினால், மேசையின் கால்கள் முனையிலிருந்து குறைந்தது 40 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி இருக்கும் மேசையைத் தேர்ந்தெடுங்கள். முழங்கால் இடிக்காது.

பழைய மேசை வாங்குவோர் கீழே குனிந்து பாருங்கள். சட்டத்தில் துரு, உப்பிய ஓரம், ஆடும் கால் ஆகியவை தெரிந்துவிடும். மேற்பரப்பின் குறுக்கே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் நடுவில் தொய்வு இருக்கிறதா என்பதும் தெரியும்.

இடமில்லை என்றால்

ஆறடிக்கு மூன்றடி அளவில் சிறிய மேசைகள் கிடைக்கின்றன. பிள்ளைகள் ஆடிப் பழக அவை போதும். அதைவிடச் சுலபமான வழி, இழுத்து நீட்டிப் பொருத்தும் வலை. சாப்பாட்டு மேசை பெரும்பாலும் 75 சென்டிமீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. மேசைப்பந்து மேசைக்கு ஏறக்குறைய அதே உயரம். இரவு உணவு முடிந்து மேசையைத் துடைத்ததும் வலையைப் பொருத்தி ஆடலாம். கண்ணாடி மேசையில் மட்டும் வேண்டாம். கீழ்வீட்டாரின் தூக்கத்தை எண்ணி நேரத்தோடு முடித்துக்கொள்வதும் நல்லது.

இன்னொரு யோசனை. வாங்குவதற்கு முன் ஒரு மாதம், சமூக மன்றத்திலோ விளையாட்டுக் கூடத்திலோ மேசையை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துக் குடும்பமாக ஆடிப் பாருங்கள். நான்கு வாரமும் பிள்ளைகள் தாங்களாகவே "போகலாமா?" என்று கேட்டால் தயங்காமல் வாங்கலாம். இரண்டாவது வாரமே ஆர்வம் குறைந்துவிட்டால், ஒரு வலையும் இரண்டு மட்டைகளும் இப்போதைக்குப் போதும்.