எந்த ஊரில் முதுமை? தாய்லாந்தில் குடியேறும் ஓய்வூதியர்கள்

பணி ஓய்வுக்குப் பின் வெப்பமண்டல நாடொன்றில் வாழ விரும்பும் ஐரோப்பியரையும் அமெரிக்கரையும் ஆஸ்திரேலியரையும் நெடுங்காலமாக ஈர்த்துவரும் நாடுகளில் தாய்லாந்து முன்வரிசையில் நிற்கிறது. ஐம்பது வயது நிறைந்த ஒருவர், அந்நாட்டு வங்கியில் 8 லட்சம் பாட் வைப்புத்தொகையோ மாதம் 65,000 பாட் வருமானமோ இருப்பதாகக் காட்டினால், ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளத்தக்க தங்கும் அனுமதியைப் பெற முடிகிறது. ஆனால், நாட்டைத் தேர்ந்தெடுக்கக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட, அந்நாட்டுக்குள் எந்த ஊரில் வாழ்வது என்பதைத் தீர்மானிக்கப் பலரும் காட்டுவதில்லை. விடுமுறைக்கு வந்தபோது மனத்துக்குப் பிடித்துப்போன ஊரே நிலையான வாழ்விடமாகவும் ஆகிவிடுகிறது. விடுமுறைப் பயணிகளில் பெரும்பாலோர் நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடைப்பட்ட இதமான மாதங்களில், நல்ல உடல்நலத்துடன் வருகின்றனர். குடியேறுபவரோ பன்னிரண்டு மாதங்களையும், ஆண்டுக்காண்டு தளரும் உடலோடு, அதே ஊரில் கழித்தாக வேண்டும். ஆகவே ஓர் ஊரை அதன் மிக மோசமான மாதத்தைக் கொண்டும், அங்கே வாழப்போகிறவரின் எண்பதாவது வயதைக் கொண்டும் எடைபோடுவதே முறை.

வடக்கிலுள்ள சியாங் மாய் நகரம் இதற்குத் தக்க சான்று. 1296ஆம் ஆண்டில் லான்னா அரசின் தலைநகராக நிறுவப்பட்ட இந்நகரம், அகழி சூழ்ந்த பழைய நகர்ப்பகுதியும், மேற்கே டோய் சுத்தேப் மலையும், பாங்காக்கைவிடக் குறைந்த வாடகையும், குளிர்கால இரவுகளில் போர்வை தேவைப்படும் தட்பவெப்பமும் கொண்டிருப்பதால், கண்டவுடன் எவரையும் கவர்ந்துவிடும். பிப்ரவரி பிற்பாதியில் இந்நிலை மாறத் தொடங்குகிறது. அறுவடை முடிந்த நெல்வயல்களிலும் மக்காச்சோளக் கொல்லைகளிலும் எஞ்சிய தாளுக்குத் தீ வைக்கப்படுகிறது. சருகு உதிர்ந்து உலர்ந்த காடுகளிலும் தீ பரவுகிறது. எல்லைக்கு அப்பால் மியான்மரிலிருந்தும் லாவோசிலிருந்தும் வரும் புகையும் இவற்றோடு சேர்ந்துகொள்கிறது. நகரம் மலைகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தாக்கில் அமைந்திருப்பதாலும், தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின்மீது வெப்பமான காற்றடுக்கு கவிந்துகொள்வதாலும் அந்தப் புகை வெளியேற வழியின்றித் தேங்கிவிடுகிறது. 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான விட்டமுள்ள நுண்துகள்களைப் பி.எம். 2.5 என்பர். நுரையீரலின் ஆழம்வரை சென்று குருதியிலும் கலக்கவல்ல இத்துகள்கள், ஒரு கன மீட்டர் காற்றில் நாள் சராசரியாக 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. சியாங் மாயில் மார்ச் மாதத்தில் இந்த அளவு நூறைத் தாண்டும் நாட்கள் உண்டு. அப்போது நகருக்கு மிக அருகிலுள்ள டோய் சுத்தேப் மலையே கண்ணுக்குத் தெரிவதில்லை. வசதியுள்ளவர்கள் அந்த வாரங்களில் தெற்கே கடற்கரைகளுக்குச் சென்றுவிடுகின்றனர். ஆஸ்துமாவோ இதயநோயோ உள்ள ஒருவர், அவ்வாறு இடம்பெயர்வதற்கான செலவையும் கணக்கில் சேர்த்த பின்னரே அந்நகரின் குறைந்த வாடகையை மலிவு எனக் கொள்ள முடியும்.

கடற்கரை ஊர்களைப் பொறுத்தவரை, பருவமழை எந்தக் கரையில் எப்போது பெய்கிறது என்பதே முதற்கேள்வி. அந்தமான் கடலை நோக்கிய புகெட், கிராபி ஆகிய பகுதிகளில் தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் அக்டோபர் வரை மழையைக் கொட்டுவதோடு கடலையும் கொந்தளிக்கச் செய்கிறது. அம்மாதங்களில் கடற்கரையில் சிவப்புக் கொடி பறக்கும்போது நீரில் இறங்குவது உயிருக்கே ஆபத்து. தாய்லாந்து வளைகுடாவிலுள்ள சாமுய் தீவுக்கோ, தமிழகத்தின் கிழக்குக் கரைக்கு மழை தரும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் பெருமழையைக் கொண்டுவருகிறது. பாங்காக்கிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஹுவா ஹின், மியான்மர் எல்லையை ஒட்டிய மலைத்தொடரின் மறைவில் இருப்பதால், தென்மேற்குப் பருவத்திலும் ஒப்பீட்டளவில் குறைந்த மழையையே பெறுகிறது. 1920களில் அரச குடும்பம் அங்கே கோடைகால அரண்மனை கட்டிக்கொண்டதற்குப் பின் வளர்ந்த அவ்வூர், புகையும் பெருமழையும் கடுமையாக வாட்டாத காரணத்தாலும் தலைநகரின் பெரிய மருத்துவமனைகளுக்குத் தரைவழியே செல்ல முடிவதாலும், முதியோருக்குப் புகெட்டைவிடப் பொருத்தமானது என்றே சொல்ல வேண்டும்.

மருத்துவமனையின் தொலைவைக் கிலோமீட்டரில் அளப்பதைவிட நேரத்தில் அளப்பதே சரியானது. மூளையின் குருதிக்குழாய் அடைபட்டுப் பக்கவாதம் ஏற்படும்போது, அடைப்பைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தோன்றியதிலிருந்து நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். அதற்குள் ஸ்கேன் எடுத்து, குருதிக்கசிவு இல்லை என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். இரவில் படகுப் போக்குவரத்து நின்றுவிடும் சிறு தீவில் வாழும் எழுபது வயதுக்காரருக்கு இது நடைமுறையில் எட்டாத சிகிச்சை. மாறாக, புகையால் அவதிப்படும் சியாங் மாயில் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் பெரிய மருத்துவமனையும் தனியார் மருத்துவமனைகளும் இருக்கின்றன. ஓர் ஊரின் நிறையும் குறையும் எப்போதும் ஒரே பக்கம் சேர்வதில்லை. மருத்துவக் காப்பீட்டின் சந்தா வயதோடு சேர்ந்து ஏறுவதும், எழுபதைக் கடந்தவர்களைப் புதிதாகச் சேர்க்கப் பல நிறுவனங்கள் மறுப்பதும், அமெரிக்காவின் முதியோர் மருத்துவக் காப்புத் திட்டமான மெடிகேர் பொதுவாக வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பணம் தராததும் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டியவை.

வீடு வாங்குவதில்தான் பலர் வாழ்நாள் சேமிப்பை இழக்கின்றனர். தாய்லாந்துச் சட்டம் பொதுவாக வெளிநாட்டவரை நிலத்துக்கு உரிமையாளராக அனுமதிப்பதில்லை. கான்டோமினியம் எனப்படும் அடுக்குமாடிக் குடியிருப்பில் மட்டும், கட்டடத்தின் மொத்தக் குடியிருப்புப் பரப்பில் 49 விழுக்காடு வரை வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, அந்த ஒதுக்கீட்டில் இடம் எஞ்சியிருக்கிறது என்பதற்கான சான்றைக் கட்டட நிர்வாகத்திடம் கேட்டுப் பெற வேண்டும். விலைக்கான பணம் வெளிநாட்டு நாணயமாக நாட்டுக்குள் வந்தது என்று வங்கி அளிக்கும் சான்றும் பதிவின்போது தேவைப்படுகிறது. தனி வீட்டை விரும்புபவர் நிலத்தை 30 ஆண்டு வரை குத்தகைக்கு எடுக்கலாம். மேலும் 30 ஆண்டு நிச்சயம் என்று விற்பவர் தரும் வாக்குறுதியை நம்பிப் பணம் கட்டுவது சரியன்று. சிவப்புக் கருடச் சின்னம் பொறித்த ‘சனோட்’ என்னும் நில உரிமைப் பத்திரத்தின் முன்பக்கத்தைப் பார்த்ததோடு நிறைவடையாமல், அதன் பின்பக்கத்தையும் படித்துப் பார்க்க வேண்டும். அடமானமும் குத்தகையும் நாள்வாரியாகப் பதிவாவது அங்கேதான். இந்தச் சிக்கல்கள் அனைத்துக்கும் எளிய மாற்று, ஓராண்டேனும் வாடகைக்கு இருந்து, புகையோ மழையோ அவ்வூருக்கு உரிய கடினமான பருவத்தை அங்கேயே தங்கிக் கடந்து பார்ப்பதாகும்.

தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை தங்குமிடத்தைத் தெரிவிக்க வேண்டியிருப்பதால் குடியேற்ற அலுவலகம் எட்டும் தொலைவில் இருப்பது நன்று. ஆண்டில் 180 நாட்களோ அதற்கு மேலோ தங்குபவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் வருமானத்துக்கு வரி விதிப்பது தொடர்பான விதி 2024 முதல் இறுக்கப்பட்டுள்ளது. பிரிட்டனின் அரசு ஓய்வூதியம் பெறுவோருக்குத் தாய்லாந்தில் வாழும் காலத்தில் ஆண்டு உயர்வு கிடையாது என்பதால், அறுபத்தைந்தில் கட்டுப்படியாகும் ஊர் எண்பதில் கட்டுப்படியாகாமல் போகலாம்.

தம்பதியராகச் செல்வோர் தவறாமல் எண்ண வேண்டிய ஒன்று, இருவரில் ஒருவர் மறைந்த பின் மற்றவரின் நிலை. துணைவரைச் சார்ந்தவர் என்ற முறையில் அனுமதி பெற்றிருந்தவர், அவர் இறந்ததும் தம் பெயரில் தனியே தகுதிபெற வேண்டும். இறந்தவர் பெயரிலிருந்த வங்கிக் கணக்கோ, நீதிமன்றம் சொத்து நிர்வாகியை நியமிக்கும்வரை முடக்கப்பட்டிருக்கும். ஆகையால் இருவர் பெயரிலும் தனித்தனி வைப்புத்தொகையும், தாய்லாந்துச் சட்டப்படி எழுதிய உயிலும், கார் ஓட்டாமலே சந்தைக்கும் மருந்துக்கடைக்கும் சென்றுவரத்தக்க தெருவில் ஒரு வீடும் குடியேறிய முதல் ஆண்டிலேயே அமைந்துவிட வேண்டும்.