கடல் நடுவே ஒரு நாள்: எல்லா மயக்கமும் கடல் மயக்கம் அல்ல!

"டாக்டரய்யா, கொல்லிமலை பஸ்ஸுல ஏறினாலே எனக்குக் குடலைப் புரட்டுமுங்க. பையன் கப்பல்ல டிக்கெட் போட்டுட்டான். போலாமுங்களா?"

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் என் வைத்தியசாலைக்கு வந்த 62 வயது அம்மா ஒருவர் கேட்டது இது. பக்கத்தில் இருந்த அவருடைய வீட்டுக்காரர் இன்னொன்று கேட்டார். "எனக்கு வாந்தியெல்லாம் வராதுங்க. சர்க்கரை மட்டுந்தான். ரெண்டு நாளைக்கு மாத்திரையை நிறுத்திட்டுப் போனா என்னங்க?"

அம்மாவின் கேள்விக்குச் சுலபமாகப் பதில் சொல்லிவிடலாம். ஐயாவின் கேள்விதான் ஆபத்தானது. இரண்டையும் பார்ப்போம்.

சேலம், நாமக்கல் பக்கத்தில் நமக்கு மலை பழக்கம். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. கடல்தான் புதுசு. அந்தக் காலத்தில் 'ரஜூலா', 'எம்.வி. சிதம்பரம்' கப்பல்களில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் பிழைப்புக்காகப் போனார்கள். 1985-ல் தீப்பிடித்ததோடு சிதம்பரம் கப்பலின் ஓட்டமும் நின்றது. கடலைப் பார்ப்பதற்காகவே கப்பல் ஏறுவது இப்போது வந்த பழக்கம். 2022 ஜூன் 4-ம் தேதி, கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' சொகுசுக் கப்பலைச் சென்னைத் துறைமுகத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பி வைத்தார். 1990-ல் பிரான்சில் கட்டப்பட்ட கப்பல். 11 தளங்கள், சுமார் 1,800 பயணிகளுக்கு இடம். அந்த வருஷம் இரண்டு இரவுப் பயணமும் இருந்தது. மாலையில் கிளம்பி, மறுநாள் முழுக்க எந்த ஊரையும் தொடாமல் நடுக்கடலில் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் சென்னைக்கே திரும்பும். நானும் என் மனைவியும் அதில் போய் வந்தோம்.

அந்த நடு நாளை மறக்க முடியாது. விடியற்காலையில் மேல்தளத்துக்குப் போனால், எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். கரை இல்லை. செல்போனில் சிக்னலும் இல்லை. மனசுக்கு அது பெரிய ஓய்வு. ஆனால் உடம்புக்கு அது புது இடம். அதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

காதும் கண்ணும் சண்டை போட்டால்...

நம் உள்காதில் அரைவட்டக் குழல்கள் மூன்று இருக்கின்றன. உள்ளே திரவம். இளநீரை ஆட்டினால் உள்ளே தண்ணீர் அலம்புகிறதல்லவா? அதுபோல உடம்பு ஆடினால் அந்தத் திரவமும் அசைந்து, "ஆடுகிறோம்" என்று மூளைக்குச் செய்தி அனுப்பும். கப்பல் அறைக்குள் உட்கார்ந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரிவது அசையாத சுவர். "ஆடவில்லையே" என்கிறது கண். இரண்டு சாட்சியும் மாறுபட்டால் மூளை குழம்புகிறது. கொட்டாவி, வாயில் உமிழ்நீர், முகவெளிறல், குளிர்ந்த வியர்வை, குமட்டல், கடைசியில் வாந்தி என்று வரிசையாக வரும்.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இங்கிலாந்தின் கடற்படைத் தளபதி நெல்சனே வாழ்நாள் முழுக்கக் கடல் மயக்கத்தால் அவதிப்பட்டவர். விஞ்ஞானி டார்வின், 1831 முதல் 1836 வரை 'பீகிள்' கப்பலில் போனபோது படாத பாடு பட்டார்.

கொல்லிமலை பஸ்ஸில் டிரைவர் வாந்தி எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? அடுத்த வளைவு எப்போது வரும் என்று அவர் கண்ணுக்கு முன்கூட்டியே தெரிகிறது. கப்பலிலும் அதே சூட்சுமம்தான். திறந்த தளத்துக்கு வந்து, வானமும் கடலும் சேரும் கோட்டைப் பாருங்கள். கண்ணும் காதும் சமாதானமாகிவிடும். அறைக்குள் படுத்துக்கொண்டு புத்தகம் படிப்பது, செல்போன் நோண்டுவது கூடவே கூடாது.

அறை பதிவு செய்யும்போதே கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் கேளுங்கள். ராட்டினத் தூரியில் ஓரத்தில் உட்கார்ந்தால் ஆட்டம் அதிகம், நடுவில் குறைவு. கப்பலும் அப்படித்தான். வங்கக் கடலில் ஐப்பசி, கார்த்திகை புயல் மாதங்கள். வாந்தி சுபாவம் உள்ளவர்கள் அப்போது பயணத்தைத் தவிர்ப்பது நல்லது.

இஞ்சியா, மாத்திரையா?

சித்த வைத்தியத்தில் குமட்டலுக்கு முதலில் நினைவுக்கு வருவது சுக்கு. டென்மார்க் நாட்டுக் கடற்படைப் பயிற்சி மாணவர்கள் 80 பேரைக் கொந்தளிக்கும் கடலில் வைத்துச் செய்த ஆய்வு 1988-ல் வெளியானது. ஒரு கிராம் இஞ்சித் தூள் சாப்பிட்டவர்களுக்கு வாந்தியும் குளிர் வியர்வையும் குறைந்தன. குமட்டலும் தலைச்சுற்றலும் அந்த அளவுக்குக் குறையவில்லை. அதனால் சுக்கு உதவும், ஆனால் சர்வரோக நிவாரணி அல்ல.

மேல்தோல் சீவிய சுக்கின் பொடி கால் டீஸ்பூனைத் தேனிலோ வெந்நீரிலோ, கப்பல் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு எடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தேன் வேண்டாம். வயிற்றுப் புண், பித்தப்பைக் கல் உள்ளவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் சுக்கை மருந்தாகச் சாப்பிடக் கூடாது.

ஆங்கில மருந்தில் வாந்தித் தடுப்பு மாத்திரைகள் நன்றாகவே வேலை செய்யும். வாந்தி வந்த பிறகு விழுங்கினால் பலன் குறைவு, முன்பே சாப்பிட வேண்டும். பலவற்றுக்குத் தூக்கக் கலக்கம் உண்டு. கண் நீர் அழுத்த நோய், பிராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் கடையில் தானாக வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது.

வெறும் வயிறும் ஆகாது, முட்ட முட்டத் தின்பதும் ஆகாது. இரண்டு இட்லி, இடையிடையே கொஞ்சம் தண்ணீர் போதும்.

சர்க்கரைக்காரர்களே, கவனம்!

இப்போது ஐயாவின் கேள்விக்கு வருவோம். மாத்திரையை நிறுத்தவே கூடாது. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன். நீங்கள் சாப்பிடும் சர்க்கரை, பிரஷர், இருதய மருந்துகளை இரண்டு நாள் என்ன, ஒரு வேளைகூட உங்கள் இஷ்டத்துக்கு விடாதீர்கள்.

முக்கியமான விஷயம் ஒன்று. இன்சுலினோ சில வகை சர்க்கரை மாத்திரைகளோ எடுத்துக்கொண்ட பிறகு, சாப்பிட்டது எல்லாம் வாந்தியாகிவிட்டால், ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கும். அப்போது வியர்க்கும், முகம் வெளுக்கும், கை நடுங்கும், தலை சுற்றும். கடல் மயக்கத்துக்கும் வியர்வையும் வெளிறலும்தானே அடையாளம்? "பாவம், கடல் ஒத்துக்கலை, தூங்கட்டும்" என்று கதவைச் சாத்திவிட்டு மற்றவர்கள் பாட்டுக் கச்சேரிக்குப் போய்விட்டால் விபரீதம்தான்.

அதனால் குளுக்கோமீட்டர் கட்டாயம் கையில் இருக்கட்டும். 70-க்குக் கீழே இருந்தால், நினைவு தெளிவாக உள்ளவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் கப்பல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

நெஞ்சை அடைக்கிறது, இடது கை அல்லது தாடை வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றாலும் உடனே டாக்டர்தான். சர்க்கரைக்காரர்களுக்கு மாரடைப்பு சில சமயம் நெஞ்சுவலியே இல்லாமல், வெறும் வியர்வையும் குமட்டலுமாக வரும். கப்பலில் டாக்டரும் சிறிய மருத்துவ அறையும் இருக்கும். பெரிய ஆஸ்பத்திரி கரையில்தான் என்பதை மறக்க வேண்டாம்.

பந்தியில் பாயசம், கேக், ஐஸ்கிரீம் வரிசையாக இருக்கும். காசு கட்டியாச்சே என்று எல்லாவற்றையும் தட்டில் அடுக்காதீர்கள். நஷ்டம் உங்கள் வயிற்றுக்கு!

சோப்புதான் காவல்

நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே கரண்டியைத் தொடும் இடம் கப்பல் பந்தி. நோரோ வைரஸ் என்ற வயிற்றுப்போக்குக் கிருமிக்கு இது கொண்டாட்டம். கையில் தடவும் சானிடைசருக்கு அது சரியாக மசியாது. சோப்பு போட்டு 20 விநாடி கழுவுங்கள். 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்தப்பட்ட 'டைமண்ட் பிரின்சஸ்' கப்பலில் இருந்த சுமார் 3,700 பேரில் 700-க்கும் அதிகமானவர்களுக்குக் கொரோனா பரவியது. காய்ச்சல், பேதி இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

அண்மையில் மாரடைப்போ ஆபரேஷனோ ஆனவர்களும் டாக்டர் சொன்ன பிறகே கிளம்ப வேண்டும். 24 வாரத்தைத் தாண்டிய கர்ப்பிணிகளைப் பல கப்பல் நிறுவனங்கள் ஏற்றுவதில்லை.

கைப்பையில் இருக்க வேண்டியவை

* நான்கு நாளுக்கான மாத்திரைகள், டாக்டர் சீட்டு. பெரிய பெட்டியில் வைக்காதீர்கள். பெட்டி உங்கள் அறைக்கு வந்து சேர நேரமாகலாம்.
* குளுக்கோமீட்டர், சர்க்கரைப் பொட்டலம், ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள்.
* சுக்குப் பொடி, ஏலக்காய், ஒரு எலுமிச்சம்பழம்.
* வழுக்காத செருப்பு. கப்பல் குளியலறை வாசற்படி உயரமாக இருக்கலாம்.

கரை இறங்கிய பிறகும் ஓரிரு நாள் தரை ஆடுவது போலத் தோன்றும். பயப்பட வேண்டாம், தானாகச் சரியாகும். ஆனால் முதல் நாளே வண்டி ஓட்டாதீர்கள். ஒரு மாதம் ஆகியும் ஆட்டம் நிற்காவிட்டால் காது, மூக்கு, தொண்டை நிபுணரைப் பாருங்கள்.

பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு முறை சர்க்கரையும் பிரஷரும் பார்த்து, மருந்தின் அளவை உங்கள் டாக்டரிடம் பேசி முடிவு செய்துவிடுங்கள். கப்பலில் ஒருவருக்கு முடியவில்லை என்றால் இன்னொருவர் கூடவே இருங்கள். அவ்வளவு செய்தால் போதும், கடலை நிம்மதியாக ரசிக்கலாம். நல்லபடியாகப் போய் வாருங்கள்!