கறுப்பு எதையும் மறைக்காது
பழைய புல்லட்டுக்கு வர்ணம் பூச நினைப்பவர்களுக்குச் சில விளக்கங்கள்



எங்கள் வீட்டுக் கொட்டகையில் அத்தா விட்டுச்சென்ற புல்லட் ஒன்று பல வருடம் சாக்கு போர்த்திக் கிடந்தது. மிளகு மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு 70 கொண்டை ஊசி வளைவுகளில் காரவள்ளிக்கு இறங்கி ஏறிய வண்டி அது. அதைப் பழையபடி கறுப்பாக்கி எடுத்த பிறகு, ஆலத்தூர் நாட்டிலும் செம்மேட்டிலும் பலர் கேட்கிறார்கள்: "எந்தக் கம்பெனி பெயிண்ட் அடிச்சீங்க?" அவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். பளபளப்பு பெயிண்ட் டப்பாவில் இல்லை. பெயிண்ட் அடிப்பதற்கு முந்தைய மூன்று வாரத்தில் இருக்கிறது.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. நம் பிள்ளைகள் சிலர் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளில் ஸ்ப்ரே வேலைக்குப் போகிறார்கள். அந்த வேலையில் உள்ள ஓர் ஆபத்து அவர்கள் பெற்றோருக்கும் தெரிய வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சில வரிகள். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. ராணுவத்துக்கு எல்லைக் காவலுக்கு வண்டி தேவைப்பட்டதுதான் அதற்குத் தூண்டுதல். தொழிற்சாலை சென்னை திருவொற்றியூரில் அமைந்தது. இங்கிலாந்தில் அந்தக் கம்பெனி 1970ஆம் ஆண்டு வாக்கில் மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரில் புல்லட் தயாராகிக்கொண்டே இருந்தது. கறுப்பு டேங்க், அதன்மேல் தங்க நிறக் கோடு என்பது அந்த வண்டியின் அடையாளம்.

அந்தக் காலத்து இரும்புச் சாமான்களுக்கு அடித்த கறுப்பு, சூளையில் சுட்ட எனாமல். பூசிய பாகத்தைச் சுமார் 120 முதல் 150 டிகிரி வரை சுட்டுக் கெட்டியாக்குவார்கள். ஃபோர்டு கம்பெனி தன் டி மாடல் காரை 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே விற்றது. இன்று நாம் பட்டறையில் அடிப்பது காற்றில் காயும் பெயிண்ட். அதனால் அன்றைய பூச்சின் ஆழம் தானாக வந்துவிடாது. கையால் வரவழைக்க வேண்டும்.

கறுப்புக்கு ஏன் இத்தனை பாடு? வெள்ளை, மஞ்சள் போன்ற நிறங்களில் நம் கண் நிறத்தைப் பார்க்கிறது. பளபளக்கும் கறுப்பில் நிறத்தைப் பார்ப்பதில்லை, அதில் விழும் நிழலைப் பார்க்கிறது. அது ஒரு கண்ணாடி. உலோகத்தில் நகக்கண் அளவு பள்ளம் இருந்தாலும் அதில் தெரியும் ஜன்னல் கம்பி நெளியும். சிவப்பு வண்டியில் யாருக்கும் தெரியாத குறை, கறுப்பில் பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெரியும்.

வேலையைத் தொடங்கும்போது வண்டியை முழுக்கக் கழற்றிவிடுங்கள். பாகத்தைக் கழற்றாமல் காகிதம் ஒட்டி அடித்த வண்டியை, ஓரத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். டேங்கில் பெட்ரோலை வடித்துவிட்டோமே என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்கில் தங்கும் ஆவிதான் சட்டென்று வெடிக்கும். பலமுறை கழுவி உலர்த்தாமல் அதன் அருகில் வெல்டிங்கோ நெருப்போ கூடாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அதை உலர்வாகத் தேய்த்துத் தூளாக்கினால் அந்தத் தூள் வீட்டுக் குழந்தைகளின் வாய்க்குப் போகும். பெயிண்ட் ரிமூவர் பூசிச் சுரண்டி எடுங்கள். அதையும் திறந்த வெளியில் செய்யுங்கள், பூட்டிய அறையில் அதன் ஆவி உயிருக்கே ஆபத்து.

இங்கே ஓர் எச்சரிக்கை. சேஸிஸில் குத்தியிருக்கும் எண்ணை மணல் பீய்ச்சியோ கிரைண்டர் வைத்தோ தேய்த்துவிடாதீர்கள், பட்டி பூசி நிரப்பியும் விடாதீர்கள். அந்த எண் படிக்க முடியாமல் போனால் நீங்கள் எத்தனை அழகாகப் பெயிண்ட் அடித்தாலும் அது திருட்டு வண்டியோ என்ற சந்தேகத்துக்கு ஆளாகும். 50 ஆண்டைக் கடந்த, மூல வடிவம் மாறாத வண்டிகளை 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி வரிசையில் பதிவு செய்ய மத்திய அரசு 2021இல் விதி கொண்டுவந்தது. மூல வடிவம் என்பதற்கு அங்கே மதிப்பு இருக்கிறது. அதனால் தேய்க்கும் முன்பே எண்ணைப் படம் பிடித்து வையுங்கள், அந்த இடத்தில் டேப் ஒட்டிவிடுங்கள்.

துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைப் பூசிக் கழுவி, அன்றே எபாக்ஸி பிரைமர் அடித்துவிட வேண்டும். நம் மலையில் வெறும் இரும்பை ஓர் இரவு விட்டுவைத்தால் காலையில் செந்நிறம் பூத்திருக்கும்.

அடுத்தது பட்டி. இதைப் பற்றி நம் பட்டறைக்காரர்களோடு எனக்கு நெடுநாள் வழக்கு. எதையும் தண்ணீர் ஊற்றி வாட்டர் பேப்பரில் தேய்ப்பதுதான் அவர்கள் பழக்கம். பிரைமருக்கும் பெயிண்டுக்கும் அது சரி. ஆனால் இரண்டு டப்பா கலந்து பூசும் பாலியஸ்டர் பட்டி பஞ்சு மாதிரி தண்ணீரை உறிஞ்சும். உள்ளே தங்கிய ஈரம் ஆறு மாதம் கழித்துக் கறுப்பின் அடியில் கொப்புளமாக எழும். அதனால் பட்டியை உலர்வாகத்தான் தேய்க்க வேண்டும், மூக்கில் தூசிக் கவசம் போட்டுக்கொண்டு. பேப்பரை வெறும் விரலால் அழுத்தினால் விரல் தடம் பள்ளமாகும். ஒரு ரப்பர் கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள். 80 நம்பரில் தொடங்கி 180, 320 என்று போகலாம்.

பட்டிக்கு மேலே சர்ஃபேசர் பிரைமரை இரண்டு மூன்று கோட் அடித்துக் காயவிட்டு, அதன்மேல் வேறு நிறத்தில் ஒரு மெல்லிய தூவல் தூவுங்கள். பிறகு 400 பேப்பரால் தேய்த்தால் மேடான இடத்தில் அந்த நிறம் போய்விடும், பள்ளத்தில் மட்டும் புள்ளியாக நிற்கும். நிற்கும் இடமெல்லாம் வேலை மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் டேங்குக்கு இதை நான்கு முறை செய்தேன். கடைசியில் 600, 800 வரை தண்ணீரில் தேய்த்து முடித்தபோது கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். கண்ணுக்குத் தப்பும் மேடு பள்ளம் கைக்குத் தப்பாது.

இனி மலைக்காரர்களுக்கு மட்டும் உள்ள சிக்கல். முதல் தடவை நானே சாதாரண என்சி பெயிண்ட் அடித்தேன். டூகோ என்று பெரியவர்கள் சொல்வது இந்த வகையைத்தான். டூபாண்ட் கம்பெனி 1923இல் கொண்டுவந்த பெயர் அது. அன்று காலை பனிமூட்டம் விலகியதும் அடித்தேன். கறுப்பு அடித்த டேங்க் பத்து நிமிடத்தில் சாம்பல் பூசியது போல வெளுத்துவிட்டது. காரணம் எளிது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது அந்தப் பரப்பு குளிர்கிறது. குளிர்ந்த செம்பில் நீர் முத்துக் கட்டுவது போலக் காற்றிலுள்ள ஈரம் ஈரப் பெயிண்டிலேயே படிந்துவிடுகிறது. மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னர் கலந்தால் ஓரளவு தடுக்கலாம். ஆனால் நாள் பார்த்து அடிப்பதே மேல்.

காற்று 20 டிகிரியாகவும் ஈரப்பதம் 90 சதவீதமாகவும் இருந்தால், சுமார் 18 டிகிரியிலேயே பனி படியும். அடிக்கப்போகும் இரும்பு அதைவிட 3 டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும் என்பது பெயிண்ட் தொழிலில் பொது விதி. அதாவது அந்தக் காலை வேளையில் இரும்பு காற்றைவிடச் சூடாக இருந்தாக வேண்டும், அது நடக்காத காரியம். ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் தொடவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையை விட்டுவிட்டு மாசி, பங்குனியில், முற்பகல் பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்ரசர் டேங்கின் அடியில் சேரும் தண்ணீரையும் ஒவ்வொரு தடவையும் திறந்துவிட வேண்டும்.

என்சி பெயிண்டுக்கு இன்னொரு குறை, பெட்ரோல் சிந்தினால் மங்கிவிடும். அதனால் இப்போது எல்லாரும் ஹார்ட்னர் கலக்கும் பியூ பெயிண்டுக்குப் போகிறார்கள். முதலில் கறுப்பு, அதன்மேல் கிளியர் கோட். பெட்ரோலுக்கும் வெயிலுக்கும் தாங்கும். முன்னால் சொன்ன ஆபத்து இந்த ஹார்ட்னரில்தான் இருக்கிறது.

ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட் என்ற வகை ரசாயனம். 1984இல் போபாலில் கசிந்த வாயுவின் பெயரிலும் இந்தச் சொல் உண்டு. இரண்டும் ஒன்றல்ல, பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் ஸ்ப்ரே செய்யும்போது வரும் இதன் புகை நுரையீரலுக்குப் போனால், சிலருக்கு உடம்பு அதை எதிரியாகப் பதிந்துகொள்ளும். அதன் பிறகு மிகக் குறைந்த அளவு பட்டாலும் இழுப்பு வரும். அப்படி ஆனவர் பெயிண்ட் தொழிலையே விட வேண்டியிருக்கும். ஸ்ப்ரே தொழிலாளர்களுக்கு வரும் ஆஸ்துமாவுக்கு உலகெங்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று இது. மூக்குக்கு எட்டும்படி எச்சரிக்கிற வாசனையும் இதற்கு இல்லை. மூக்கில் வருவது தின்னர் வாசனை.

முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொள்வது இதற்கு எந்தத் தடுப்பும் ஆகாது. கரித்தூள் வைத்த கவசம் கொஞ்சம் உதவும், ஆனால் அதன் சக்தி தீர்ந்ததா என்று மோந்து கண்டுபிடிக்க முடியாது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடிதான் சரியானது. உங்கள் பிள்ளை ஸ்ப்ரே வேலை செய்தால் பட்டறையில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். வேலை நாளில் இரவில் இருமலும் மூச்சு வாங்குவதும் வந்து, லீவு நாளில் குறைந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டி, என்ன வேலை என்பதையும் சொல்லுங்கள். என் தங்கை மகன் 'சளிதான் மாமா' என்று ஒரு வருடம் சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது அவன் தேய்க்கிற வேலை மட்டும் பார்க்கிறான், கையில் இன்ஹேலர் இருக்கிறது.

அதனால் நான் செய்தது இது. தேய்ப்பு வேலை முழுவதையும் வீட்டிலேயே முடித்தேன். ஸ்ப்ரேயை மட்டும் கீழே, அடைப்பறையும் காற்று முகமூடியும் உள்ள ஓர் இடத்தில் கொடுத்தேன். பாகங்களைப் போர்வையில் சுற்றி, மழையில்லாத நாளாகப் பார்த்துத்தான் இறக்கினேன், ஏனென்றால் சர்ஃபேசர் பிரைமரும் ஈரம் உறிஞ்சும். கூலி கூடுதல்தான், ஆனாலும் வீட்டு முற்றத்தில் குழந்தைகள் விளையாடும் இடத்தில் ஹார்ட்னரைத் தூவ எனக்கு மனம் வரவில்லை.

கிளியர் நன்றாகக் கெட்டியானதும், அதில் ஆரஞ்சுத் தோல் மாதிரி மெல்லிய சொரசொரப்பு இருக்கும். 1500, 2000, 3000 என்று தண்ணீரில் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டும் பாலீஷும் போட்டால் கண்ணாடி வரும். இரண்டு கோட் கிளியர் சேர்ந்தாலும் சுமார் 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. ஓரங்களில் இன்னும் மெலிவு. அங்கே டேப் ஒட்டிவிட்டுத் தேயுங்கள். டியூப் லைட்டுக்குக் கீழே டேங்கை வைத்துப் பாருங்கள்: குழல் விளக்கின் நிழல் நேர்கோடாக, ஓரம் கத்தி போல விழுந்தால் வேலை முடிந்தது. ஓரம் பிசிறடித்தால் இன்னும் ஒரு சுற்று இருக்கிறது.

தங்கக் கோட்டை ஸ்டிக்கரில் முடித்துவிடலாம் என்பார்கள். திருவொற்றியூரில் அதை நீண்ட மயிருள்ள பிரஷ்ஷால், டேப் ஒட்டாமல், கையாலேயே இழுத்தார்கள். எனக்கு அந்தக் கை இல்லை. லாரிக்குப் பெயர் எழுதும் ஒரு பெரியவரிடம் கொடுத்தேன். இடது பக்கக் கோடு வலது பக்கத்தைவிட ஒரு நூல் தடிப்பு. அதை மாற்றச் சொல்லவில்லை.

வண்டி கைக்கு வந்ததும் மறுபடி தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடிவிடாதீர்கள். பெயிண்ட் முழுதாக ஆற ஒரு மாதமாவது ஆகும். பிளாஸ்டிக்குக்குள் நம் மலை ஈரம் தேங்கினால் புதுக் கறுப்பில் திட்டுத் திட்டாகப் படியும். பழைய பருத்திப் போர்வை ஒன்று போதும்.