வீட்டுக்கு முன் ஒரு வீடு

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் சென்னையின் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரியான செய்தி சுற்ற ஆரம்பிக்கும். "தாய் வண்டியில அடிபட்டு செத்துப்போச்சு. நாலு குட்டி, மழையில நனையுது. யாராவது அர்ஜென்ட்டா எடுத்துக்கோங்க." உடனே கைகூப்பும் எமோஜிகள் வரிசைகட்டும். சிலர் வேறு குழுக்களுக்கு அனுப்பிவைப்பார்கள். ஒருவர் ஏதோ ஒரு காப்பகத்தின் எண்ணைத் தருவார். அந்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை என்று இன்னொருவர் எழுதுவார். குட்டிகள் அதே இடத்தில் நனைந்துகொண்டிருக்கும்.

அந்தக் குழுவில் இரக்கத்துக்குப் பஞ்சமில்லை. ஆறோ எட்டோ வாரத்துக்குக் கதவு போட்ட ஓர் அறைக்குத்தான் பஞ்சம். நிரந்தரமாக வளர்க்க ஒரு குடும்பம் கிடைக்கும்வரை நாயைத் தன் வீட்டில் வைத்துத் தேற்றி, பழக்கி, பிறகு ஒப்படைப்பதை மீட்பு வேலையில் இருப்பவர்கள் 'ஃபாஸ்டர்' என்கிறார்கள். ஊரில் நாய்களைத் தூக்கி வரவும் பணம் தரவும் ஆள் கிடைத்துவிடுகிறார்கள். ஃபாஸ்டருக்குத்தான் ஆள் இல்லை.

தெருவில் பிறக்கும் குட்டி எத்தனை நாள் தாங்கும்? கொல்கத்தா ஐசர் நிறுவனத்தைச் சேர்ந்த அனிந்திதா பத்ராவின் குழு 364 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஏழு மாத வயதைத் தொட்டவை 19 சதவீதம் மட்டுமே. இறப்புகளில் 63 சதவீதத்துக்கு வண்டி, விஷம், அடி என்று ஏதோ ஒரு வகையில் மனிதர்கள் காரணமாக இருந்தார்கள்.

அப்படியானால் காப்பகத்தில் விட்டுவிடலாமே என்று தோன்றும். தடுப்பூசி போடாத குட்டிக்குக் காப்பகம் ஆபத்தான இடம். தினமும் புது நாய்கள் வந்து சேரும் எந்த இடத்திலும் பார்வோ வைரஸ் இருக்கக்கூடும். தொற்றிய குட்டி மூன்று முதல் ஏழு நாள்வரை ஒன்றும் தெரியாமல் துள்ளி விளையாடும்; பிறகு வாந்தி, இரத்தக் கழிச்சல். அந்த வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், ஃபீனாயிலுக்குச் சாகாது, பிளீச் கரைசல்தான் வேண்டும். இதைக் காப்பகத்தாரின் அலட்சியம் என்று சொல்வது அநியாயம். கூட்டமாக உயிர்கள் இருக்கும் இடத்தின் இயல்பு அது.

வளர்ந்த நாய்க்கு வேறு சிக்கல். அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் லீசா கன்டர் குழு அமெரிக்காவில் ஐந்து காப்பகங்களைச் சேர்ந்த 207 நாய்களை ஓரிரு இரவு வீடுகளில் தங்கவைத்துப் பார்த்தது. வீட்டில் இருந்தபோது மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் அளவு இறங்கியது. காப்பகத்துக்குத் திரும்பியதும் பழைய அளவுக்கே ஏறியது. 2019-இல் வெளிவந்த ஆய்வு இது. அதே குழு 51 காப்பகங்களில் நடத்திய அடுத்த ஆய்வு 2023-இல் வந்தது. வீட்டில் தங்கிப் பார்த்த நாய்களுக்கு நிரந்தர இடம் கிடைக்கும் வாய்ப்பு மற்றவற்றைவிடப் பதினான்கு மடங்குக்கு மேல் இருந்தது. கூண்டுக்குள் இருக்கும் நாயைப் பார்த்து அதன் குணத்தைச் சொல்ல முடியாது. மூலையில் சுருண்டு கிடப்பது சோம்பேறியாகவும், கம்பியில் ஏறிக் குரைப்பது முரடாகவும் தெரியும். இரண்டுமே பயந்துபோன நாய்களாக இருக்கலாம்.

சென்னைக்கு இது புது யோசனையும் இல்லை. இன்று பெரிய மருத்துவமனையும் காப்பகமுமாக நிற்கும் புளூ கிராஸ், 1959 மழையில் விமானி கேப்டன் வி. சுந்தரம் தி.நகர் வெள்ளத்தில் தத்தளித்த குட்டிகளைத் தன் வீட்டுக்குத் தூக்கி வந்ததில் தொடங்கியது.

எந்த நாயை ஃபாஸ்டருக்கு எடுப்பது என்பதில் ஆர்வக்கோளாறு அதிகம். டீக்கடை வாசலில் பொறை தின்றுகொண்டு நான்கு தெருவுக்கு ராஜாவாகத் திரியும் ஐந்து வயது நாயைப் பிடித்து மூன்றாம் மாடி ஃப்ளாட்டில் அடைப்பது அதற்குச் செய்யும் உதவி ஆகாது. 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகள், தெருநாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடச் சொல்கின்றன. உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22-இல், வெறிநோய் கண்டவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றுக்கு அதே முறையைத் தொடரச் சொன்னது. தெருநாயைத் தத்தெடுக்க விரும்புவோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம், ஆனால் அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது அவர்கள் பொறுப்பு என்றும் அந்த உத்தரவு கூறியது. அதே நீதிமன்றத்தின் அதே ஆண்டு நவம்பர் 7 உத்தரவோ பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் பிடிக்கும் நாய்களைத் திரும்ப அங்கே விடக்கூடாது, காப்பகத்தில்தான் வைக்க வேண்டும் என்றது. காப்பகங்களில் இடம் எங்கே இருக்கிறது என்பது வேறு கதை.

ஆக, ஃபாஸ்டர் வீடு உண்மையில் தேவைப்படுவது தாயில்லாக் குட்டிகளுக்கும், அறுவைக்குப்பின் தேறவேண்டியவற்றுக்கும், வீட்டில் வளர்ந்து தெருவில் இறக்கிவிடப்பட்டவற்றுக்கும். கடைசி வகை பெருகிவருகிறது. ஹஸ்கி, லாப்ரடார், ஷிட்ஸு என்று ஆசைப்பட்டு வாங்கி, முடி கொட்டுகிறது, வீடு மாறுகிறோம் என்று இறக்கிவிட்டுப் போகிறார்கள். தெருவில் பிறந்த நாய்க்குச் சாலை கடக்கத் தெரியும். இவற்றுக்கு அதுவும் தெரியாது.

பொறுப்பேற்கும் முன் பேசித் தீர்க்கவேண்டிய விஷயம் பணம். வழக்கமாக மருத்துவச் செலவை மீட்டவரோ அமைப்போ ஏற்க, சோறும் இடமும் நேரமும் ஃபாஸ்டருடையது. எந்த டாக்டர், நடுராத்திரியில் வலிப்பு வந்தால் யாரைக் கூப்பிடுவது, இரண்டு மாதத்தில் வீடு கிடைக்கவில்லையென்றால் என்ன செய்வது என்பதையெல்லாம் முதல்நாளே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். "பாத்துக்கலாம்மா, நாங்க இருக்கோம்" என்ற வாக்குறுதி மூன்றாவது வாரத்தில் போன் எடுக்காது.

முதல் இரண்டு வாரம் புது நாய் தனி அறையில் இருக்கட்டும். வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் அதன் தடுப்பூசிகள் சரியாக இருக்கவேண்டும். தட்டும் துணியும் கலக்கக்கூடாது. சமீபத்தில் பார்வோ வந்த வீட்டுக்கு ஊசி போடாத குட்டியைக் கொண்டுபோகவே கூடாது. குடல்புழு மருந்து கொடுத்து, ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி போட்டு, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் ஆகும்வரை தொடர வேண்டும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. உண்ணிகளைப் பிடுங்கிப்போட்டால் மட்டும் போதாது. சாப்பாடு இறங்காமல், ஈறு வெளுத்து, சோர்ந்து கிடந்தால் உண்ணிக் காய்ச்சலா என்று இரத்தம் எடுத்துப் பார்க்கவேண்டும். பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றைக் கலக்கிவிடும். காய்ச்சலாயிற்றே என்று நமக்குப் போடும் பாராசிட்டமாலைக் கொடுப்பது விஷம் வைப்பதற்குச் சமம்.

நமக்கும் ஒன்று உண்டு. வரலாறு தெரியாத நாயைக் கையாளுகிறவர்கள் முன்கூட்டியே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. கடித்தாலோ பல் பட்டுக் கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். முன்பே ஊசி போட்டவர்களுக்கும் அதற்குப்பின் ஊசி உண்டு. "குட்டிதானே" என்ற சமாதானம் இந்த நோயிடம் செல்லாது.

உடம்பு தேறுவது ஒரு பாதி. மீதிப் பாதிக்குத்தான் வீடு தேவைப்படுகிறது. வந்த நாய் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்தால் இழுக்காமல் விடுங்கள். மூன்று நாளில் பயம் தணியும், மூன்று வாரத்தில் வீட்டின் நேரங்கள் பிடிபடும், மூன்று மாதத்தில்தான் தன்னுடைய இடம் என்று நம்பும் என்று மீட்பு வேலையில் ஒரு கணக்குச் சொல்வார்கள். அனுபவக் கணக்குதான், சில நாய்கள் இதைப் பொய்யாக்கும். பிஸ்கட்டை நீட்டிக்கொண்டே இருப்பதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்து, அது தானாக வந்தபிறகு தடவிக்கொடுப்பது பலன் தரும். தெருநாய்களை வைத்து பத்ராவின் குழு 2017-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வும் இதையே காட்டியது. திரும்பத் திரும்பச் சந்திக்கும் அந்நியர் உணவு தந்தால் உண்டாகும் நம்பிக்கையைவிட, தடவிக்கொடுத்தால் உண்டாகும் நம்பிக்கை அதிகம்.

குக்கர் விசில், மிக்ஸி, லிஃப்ட் கதவு, காலிங் பெல் எல்லாம் பழகவேண்டும். கழுத்துப் பட்டை, உடல்பட்டை இரண்டையும் போட்டு நடக்கப் பழக்கவேண்டும். மூன்று வாரத்திலிருந்து மூன்றரை மாதம்வரை உள்ள வயதில் குட்டி எதைப் பார்த்துப் பழகுகிறதோ, அதைக் கண்டு பின்னாளில் அதிகம் மிரளாது. ஊசி முடியவில்லை என்றால் தரையில் விடாமல், தோளில் தூக்கிக்கொண்டுபோய்த் தெருவைக் காட்டலாம்.

நல்ல மனதுள்ளவர்கள் அதிகம் கோட்டை விடுவது தனிமைப் பயிற்சியில். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஃபாஸ்டர் நாள் முழுக்க மடியில் வைத்துக் கொஞ்சுவார். அந்த நாய் பிறகு இருவரும் அலுவலகம் போகும் வீட்டுக்குப் போய், கதவைப் பிறாண்டி ஊளையிட்டு, பக்கத்துவீட்டுப் புகாரோடு பத்தே நாளில் திரும்பி வரும். ஐந்து நிமிடம், கால் மணி, ஒரு மணி என்று தனியாக இருக்கப் பழக்கித் தராத ஃபாஸ்டர் அரைவேலை பார்த்தவர் என்றே நான் சொல்வேன்.

இனி வீடு தேடுவது. "க்யூட், ஃப்ரெண்ட்லி, ஹெல்தி" என்று மூன்று வார்த்தையும் ஒரு படமும் போட்டால் மனதில் நிற்காது. கூடவே வாழ்ந்தவருக்கு மட்டும் தெரிந்ததை எழுதவேண்டும். இப்படி: "இரண்டு வயதுப் பெண், கருத்தடை ஆயிற்று. காலையும் மாலையும் வெளியே கூட்டிப்போனால் வீட்டுக்குள் அசிங்கம் செய்யாது. ஹெல்மெட் போட்டவரைக் கண்டால் குரைக்கும். பூனையைத் துரத்தும். மூன்று மணி நேரம் தனியாக இருக்கும், அதற்குமேல் இருந்து பார்க்கவில்லை. இடி இடித்தால் குளியலறைக்குள் போய்விடும்." குறைகளைச் சொன்னால் ஆள் ஓடிவிடுவார்கள் என்று பயப்படுகிறோம். சிலர் ஓடத்தான் செய்வார்கள். ஒப்படைத்தபின் பூனையைப் பறிகொடுத்துவிட்டுத் திருப்பித் தருவதைவிட, படிக்கும்போதே அவர்கள் விலகிவிடுவது மேல்.

பெண் குட்டிகளின் நிலைமை தனி. ஈற்றில் ஆண் குட்டிகளை முதலில் கேட்டு வாங்கிப் போய்விடுவார்கள். "பொட்டையா? குட்டி போட்டுட்டே இருக்கும், வேணாம்" என்ற பதில் நகரம், கிராமம் என்ற பேதமில்லாமல் வரும். ஒரே ஓர் அறுவையில் தீரும் கவலை இது. ஆறு மாதம் ஆனதும் கருத்தடை செய்துதருகிறோம், செலவு எங்களுடையது என்று அமைப்பு எழுதிக்கொடுத்தால் பாதித் தயக்கம் போய்விடும்.

கேட்டு வருகிறவர்களிடம் என்ன கேட்பது? வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா, பகலில் யார் இருப்பார்கள், இரவில் நாய் எங்கே படுக்கும், ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள். மூன்றாவது கேள்விக்குத்தான் உண்மையான பதில்கள் வரும். "மொட்டை மாடியில கட்டிப்போடுவோம்", "காவலுக்குத்தான்" என்று வந்தால் மறுத்துவிடலாம். பிள்ளையின் பிறந்தநாளுக்கு சர்ப்ரைஸாக வேண்டும் என்பவரையும்தான். சொந்தக்காரர், ஆபீஸ் மேலதிகாரியின் மைத்துனர் என்று சிபாரிசோடு வருகிறவரிடம் முடியாது என்று சொல்வது நம்மூரில் லேசான காரியமில்லை. மறுக்கும் வேலையை அமைப்பின் தலையில் போட்டுவிடுவது ஒரு தந்திரம்: "எங்க கையில இல்லைங்க, அவங்கதான் முடிவு பண்றாங்க."

மறுபுறம், மீட்பு ஆட்கள் தேவைக்குமேல் கறாராகவும் இருக்கிறார்கள். கல்யாணமாகாதவர், வாடகைக்கு இருப்பவர் என்று கேட்டவுடனே தள்ளிவிடுகிறார்கள். தோட்டம் வைத்த பங்களாவில் சங்கிலியில் கிடக்கும் நாயைவிட, ஒற்றைப் படுக்கையறை வீட்டில் இரண்டு வேளை நடைக்குப் போகும் நாய் நன்றாகத்தான் இருக்கிறது. நாய் வளர்ப்பதைக் குடியிருப்போர் சங்கம் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல் சொல்கிறது. வாடகைக்கு இருப்பவரென்றால் வீட்டு உரிமையாளரின் சம்மதத்தை மட்டும் எழுத்தில் காட்டச் சொன்னால் போதும்.

ஒப்படைக்கும் நாளில் நாய் படுத்த துணி, அதே சாப்பாடு, அது கேட்டுப் பழகிய சொற்களின் பட்டியல் எல்லாம் கூடவே போகட்டும். தமிழில் "உக்காரு" கேட்டு வளர்ந்த நாயிடம் "சிட்" என்றால் முழிக்கும். முதல் வாரத்தில்தான் நாய்கள் கதவிடுக்கில் நழுவிப் பழைய வீட்டைத் தேடி ஓடும். அந்த வாரம் முடியும்வரை இரட்டைப் பட்டை கழலக்கூடாது. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் யாருக்கும் ஒப்படைக்காதீர்கள். சென்னை மாநகராட்சி 2025-இல் உரிமத்தோடு மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியது. சிப் யார் பெயரில் இருக்கிறது என்று அன்றே பார்த்து மாற்றிக்கொடுக்க வேண்டும்.

கையெழுத்து வாங்கும் படிவத்தில் ஒரு வரி அவசியம்: என்ன காரணத்தாலும் வைத்துக்கொள்ள முடியாமல் போனால் தெருவில் விடாமல், வேறு யாருக்கும் கொடுக்காமல், எங்களிடமே திருப்பித் தரவேண்டும். 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் வளர்ப்பு விலங்கைக் கைவிடுவது குற்றம்தான். முதல் முறைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய்வரை. அந்தத் தொகைக்கு யாரும் பயப்படப்போவதில்லை என்பதால், திட்டாமல் திரும்ப வாங்கிக்கொள்ள ஒருவர் இருக்கிறார் என்ற தைரியத்தைத்தான் புது வீட்டுக்காரருக்குக் கொடுக்கவேண்டியிருக்கிறது. திரும்பி வந்த நாயின் குறிப்பில் புதிதாக ஒரு வரி சேரும்: குழந்தைகள் ஓடினால் பின்னாலேயே ஓடிக் காலைக் கவ்வுகிறது, பெரியவர்கள் மட்டும் உள்ள வீடு வேண்டும். அடுத்து வரும் போன் அழைப்பில் முதலில் சொல்லவேண்டியது அதுதான்.